முதல் எதிர்மனுதாரர்

சங்கரன் கார்க் கதவைத் திறந்தது இறங்குவதற்காக அல்ல. தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று பார்ப்பதற்காக.

ஐப்பசி மழை அன்று காலையில்தான் விட்டிருந்தது. மந்தைவெளிப் பக்கம் மெட்ரோ வேலைக்காகத் தகரத் தடுப்பு வைத்துப் பாதி ரோட்டை எடுத்துக்கொண்டு, மீதிப் பாதியை மழைத்தண்ணீருக்கும் பொதுமக்களுக்குமாக விட்டிருந்தார்கள். காரை ஓரங்கட்டி நிறுத்திய சங்கரனுக்குத் தன் பக்கம் கிடப்பது நனைந்த ரோடா, கணுக்கால் பள்ளமா என்று பிடிபடவில்லை. காலில் புதுச் செருப்பு. முதல்நாள்தான் தி. நகரில் கடை கடையாக ஏறி இறங்கி சூடாமணி வாங்கிக் கொடுத்தது. அவள் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். இந்த நிலைமையில் செருப்பை நனைக்கிற துணிச்சல் மயிலாப்பூரில் எந்தக் கணவனுக்கும் வராது. ஆகவே கதவைத் திறந்துகொண்டு, கழுத்தை நீட்டி, குட்டையை ஆராய்ந்தார். பின்னால் என்ன வருகிறது என்று பார்க்கவில்லை.

ஆழம் அதிகமில்லை என்று அவர் தீர்மானித்த நேரத்தில் ஒரு மோட்டார் பைக் வந்து கதவில் மோதியது.

சங்கரன் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக் கொடுத்து ஓய்வுபெற்றவர். ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டேதான் இருக்கப் பார்க்கும் என்று கரும்பலகையில் பஸ் படம் போட்டுக் காட்டியே சாக்பீஸ் தேய்த்தவர். பைக் நின்றுவிட்டது. பைக்கில் வந்தவர் நிற்கவில்லை. ஹாண்டில்பாரைத் தாண்டிப் போய், கதவை ஒட்டித் தண்ணீரில் விழுந்தார். பின்சீட்டில் அவர் கட்டி வைத்திருந்த சிவப்பு ரெக்சின் சுருள் அவிழ்ந்து, ரோட்டில் ஆள் நீளத்துக்கு விரிந்து கிடந்தது. பைக் சாய்ந்து அவருடைய வலது காலின் மேல் விழுந்தது.

தலையில் ஹெல்மெட் இருந்தது. அது ஒன்றுதான் அன்றைக்கு நடந்த நல்ல காரியம்.

கூட்டம் கூடியது. "பெருசு, கண்ண எங்க வெச்சுக்கினு கீற?" என்று யாரோ கேட்டார்கள். "மச்சி, கால அசைக்காத, அப்டியே வுடு" என்று இன்னொருவன் பைக்கை மட்டும் தூக்கினான். சங்கரன் குட்டைக்குள்ளேயே மண்டிபோட்டு உட்கார்ந்து, 108-ஐ அழுத்தினார். வேட்டி இடுப்புவரை நனைந்திருந்தது. ஒரு செருப்பு எங்கோ மிதந்து போனது.

விழுந்தவர் பெயர் சர்தார். ஆட்டோக்களுக்கு சீட்டும் மேல் டாப்பும் தைக்கிறவர். ராயப்பேட்டையில் சின்னதாக ஒரு வாடகைக் கடை. இதையெல்லாம் ஆம்புலன்ஸில் போகும்போது சர்தாரேதான் சொன்னார். சங்கரன் அழுதுகொண்டிருந்தபடியால் பேச்சுக் கொடுத்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் சின்ன வயது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"எப்படி அடிபட்டுது?"

சர்தார் படுத்தபடியே தலையைத் திருப்பி சங்கரனைப் பார்த்தார். ஒற்றைச் செருப்பு, சேறான வேட்டி, உதடு துடிக்கிற ஒரு வயசான மனிதர்.

"மழைல வண்டி சறுக்கிச்சு டாக்டர். நானே உழுந்துட்டேன்."

"யாரும் இடிக்கலையா?"

"இல்ல டாக்டர். இவருதான் பாவம், தூக்கி வுட்டு இட்டாந்தாரு."

சங்கரன் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. உள்ளே அப்போது முதலில் வந்து உட்கார்ந்தது நிம்மதி. நன்றி அதற்குப் பிறகு, மூட்டுவலிக்காரர் படியேறுகிற மாதிரி, நிதானமாகத்தான் வந்தது. அது வந்து சேர்வதற்குள் டாக்டர் எழுதி முடித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

*

முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது. தகடு வைத்து ஆணி அடித்து சர்தாரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து சங்கரன் தினமும் காலையில் ராயப்பேட்டைக்குக் கிளம்பிப் போனார். கார் இல்லை. அதை சூடாமணி பூட்டி, சாவியைத் தன் தம்புராப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். பஸ்ஸில்தான் போனார். கையில் ஃபிளாஸ்க்கில் காபியும் பையில் சாத்துக்குடியும் இருக்கும்.

"ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி போறேளா, ஆபீசுக்குப் போற மாதிரி போறேளா?" என்று சூடாமணி கேட்டாள். வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு ஆன்லைனில் பாட்டு சொல்லிக் கொடுக்கிறவள் அவள். கேள்வி கேட்டுவிட்டு, அதே மூச்சில் லேப்டாப்பைப் பார்த்து, "ம், மறுபடியும் அந்த இடத்துலேர்ந்து பாடு" என்பாள்.

சர்தார் வீடு ஒரு சந்துக்குள் தரைத்தளம். முன்னறையில் அவருடைய கட்டில். அதை ஒட்டி நடுக்கூடத்தில் அவர் மனைவி சகினா வேலை செய்துகொண்டிருப்பாள். பக்கத்து டீக்கடைகளுக்கு வெங்காய சமோசா போடுகிறவள். மாவை அப்பளமாகத் தட்டி, எண்ணெய் தடவி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, சேர்த்துத் தேய்த்து, கல்லில் அரைவேக்காடாகப் புரட்டி எடுப்பாள். பிறகு அந்த அடுக்கைச் சூடு ஆறுவதற்குள் தாள் தாளாகப் பிரிக்க வேண்டும். ஆறினால் கிழியும், சூட்டில் விரல் பொத்துப் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நேரம் இருக்கிறது. அது அவள் விரலுக்குத் தெரியும். பிரித்த தாளைப் பட்டையாக நறுக்கி, வெங்காயமும் அவலும் மிளகாய்த்தூளும் பிசைந்து வைத்து, முக்கோணமாக மடித்து, மைதாப் பசையால் ஒட்டுவாள். பிற்பகல் டீக்கு முன்னால் தட்டுகள் போயாக வேண்டும்.

சங்கரன் ஸ்டூலில் உட்கார்ந்து சர்தாரைக் கேட்பார்.

"வலி எப்படி இருக்கு?"

"பரவால்ல சார். அப்டியே கீது. நீங்க இன்னாத்துக்கு இவ்ளோ தூரம் வந்துக்கினு."

"சர்தார் பாய், ஒண்ணு கேக்கறேன். மனசுல இருக்கறதைச் சொல்லணும். என் மேல கோபமா இருக்கேளா?"

"இன்னா சார் நீங்க. டீ சாப்டுங்க."

சங்கரன் நாற்காலியை, அதாவது ஸ்டூலை, அந்தப் பக்கம் திருப்புவார்.

"சகினாம்மா, நீங்க சொல்லுங்கோ. உங்களுக்கு என் மேல கோபமா?"

"அல்லா பாத்துப்பான் சார். கொஞ்சம் நவுந்து உக்காருங்க, அங்க மாவு கீது."

இதில் கோபம் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க எந்தச் சூத்திரமும் இல்லை. மாவு இருக்கிற இடத்திலிருந்து நகர்ந்து உட்கார்வார். ஒருநாள் சும்மா உட்கார்ந்திருப்பது பொறுக்காமல், கத்தியை எடுத்து வெங்காயம் நறுக்க ஆரம்பித்தார். சகினா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மறுநாள் கத்தியும் பலகையும் வெங்காயக் கூடையும் ஸ்டூலுக்குப் பக்கத்தில் தயாராக இருந்தன.

"ஏன்னா, உங்க மேல என்ன வாசனை?" என்றாள் சூடாமணி.

"பரிகாரம்" என்றார் சங்கரன்.

"பரிகாரத்துக்கு வெங்காய வாசனை அடிக்கறதை இப்பத்தான் பாக்கறேன். சட்டையைத் தனியா நனைச்சு வையுங்கோ."

ஆனால் வெங்காயம் நறுக்கித் தீர்கிற விஷயமாக அது இருக்கவில்லை. எலும்பு சீக்கிரம் கூடவில்லை. சர்தாருடைய தையல் மிஷின் காலால் மிதிக்கிறது. ரெக்சினும் ஸ்பஞ்சும் சேர்த்துத் தைக்க வலது காலின் முழு பலமும் வேண்டும். இப்போதைக்கு மிதிக்கிற பேச்சே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சீட்டுக்காகச் சொல்லி வைத்திருந்த ஆட்டோக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு கடைக்குப் போனார்கள். கடைக்குச் சொந்தக்காரர் நல்ல மனுஷர்தான். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். போகும்போது வாசலில் நின்றுகொண்டு, பொங்கல் வரை பொறுப்பதாகவும் அப்புறம் கடையை வேறு ஆளுக்கு விடவேண்டி வரும் என்றும் தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

சர்தார் அன்றைக்கும் "பரவால்ல சார்" என்றார். ஆனால் டீ சாப்பிடச் சொல்லவில்லை.

*

சகினா அடுத்த சந்திலிருந்து ஜுவேரியாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். விபத்து நஷ்டஈட்டு வழக்குகள் மட்டுமே பார்க்கிற இளம் வக்கீல். ரோட்டில் விழுந்தவர்கள், மோதப்பட்டவர்கள், அவர்களுடைய மனைவிமார்கள் என்று அவளுடைய ஹெல்மெட்டுக்குள்ளேயே கேஸ் கட்டுகள் இருக்கும் என்று அந்தப் பக்கம் கேலி செய்வார்கள். பைக்கை சந்தில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எஃப்.ஐ.ஆர். எங்க, பாய்?"

"போடல."

"ஏன் போடல?"

சர்தார் கூரையைப் பார்த்தார். "நானே உழுந்துட்டேன்னு சொல்லிட்டேம்மா."

"நீங்களே விழுந்தீங்களா?"

"இல்ல. இவரு கதவு தொறந்தாரு."

ஜுவேரியா திரும்பினாள். ஸ்டூலில் ஒருவர் மடியில் பலகையை வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"இவரா?"

"நான்தாம்மா" என்றார் சங்கரன்.

"நீங்க இங்க என்ன சார் பண்றீங்க?"

சங்கரன் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"பாய், உங்க நல்ல மனசுக்கு நான் என்ன சொல்றது" என்று ஜுவேரியா ஆரம்பித்தாள். "இவரு கார் ஓட்டறாரு. காருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு. இந்த மாதிரி ஒரு ஆளு அடிபட்டா அந்தக் கம்பெனி குடுக்கறதுக்குத்தான் வருஷா வருஷம் அவரு கட்டறாரு. இவரு கையிலேருந்து போறதே இல்ல. நீங்க இவரைக் காப்பாத்தறதா நெனச்சு கம்பெனியைக் காப்பாத்தி விட்டிருக்கீங்க. ஆஸ்பத்திரில தானா விழுந்தேன்னு பதிவாயிருக்கு. கம்பெனி வக்கீல் அதை ஒண்ணைத் தூக்கிக் காட்டினா போதும், மனு நிக்காது."

"போலீஸ் ஸ்டேஷன்ல வயசான மனுசன நிக்க வெக்கறதா? மனசு வரலம்மா."

"சார், அவரு டாக்டர்கிட்ட அப்படிச் சொல்றப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்துலதான் நின்னுண்டிருந்தேன்."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லைம்மா."

சகினா கல்லிலிருந்து எடுத்த அடுக்கைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு தாள் பாதியில் கிழிந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"நான் இப்ப போய்ச் சொல்லிடறேன்" என்றார் சங்கரன். "என் மேலதான் தப்புன்னு. எங்க போய்ச் சொல்லணும்?"

"பாய் புகார் கொடுக்கணும். நீங்க வாக்குமூலம் கொடுக்கணும். உங்க மேல கேஸ் ஆகும் சார். கோர்ட்ல ஃபைன் கட்ட வேண்டி வரும். லைசென்ஸுக்கும் சிக்கல் வரலாம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"சாவி ஏற்கனவே தம்புராப் பெட்டிலதான் இருக்கு" என்றார் அவர்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது சூடாமணி லேப்டாப்பை மூடினாள். பிறகு, "ஜெயில்னா முன்கூட்டியே சொல்லுங்கோ. மார்கழி வரது, ஸ்வெட்டர் எடுத்து வெக்கறேன்" என்றாள். அவளுக்குப் பயம் வந்தால் பேச்சு இப்படித்தான் வரும் என்று சங்கரனுக்குத் தெரியும். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் நகரவில்லை.

*

விபத்துகளை விசாரிக்கிற போக்குவரத்து போலீஸ் ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் விஜயலக்ஷ்மி இருந்தார். சர்தாருக்கு ஆட்டோவிலிருந்து இறங்க முடியாததால் வாசலுக்கே வந்து புகாரைக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு சங்கரனை உள்ளே கூப்பிட்டார்.

"சார், இங்க வர்றவங்க எல்லாரும் ஒரே கதைதான் சொல்வாங்க. நான் சும்மா நின்னேன், அவன்தான் வந்து இடிச்சான். செவுருல இடிச்சவன்கூட செவுரு குறுக்க வந்துச்சும்பான். நீங்க ஒருத்தர்தான் என்னைப் புடிங்கன்னு தேடி வந்திருக்கீங்க. வீட்ல ஏதாவது பிரச்சனையா சார்?"

"வீட்ல பிரச்சனை எல்லாம் சரியா இருக்கு மேடம்."

"அப்ப ஏன் இவ்ளோ நாள் கழிச்சு வர்றீங்க?"

"வெட்கமா இருந்தது."

விஜயலக்ஷ்மி பேனாவை எடுத்தார். "எழுதிக்கறேன். ஆனா கம்பெனிக்காரங்க இதை நம்ப மாட்டாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து நாடகம் ஆடறீங்கம்பாங்க. தெரியும்ல?"

சங்கரனுக்குத் தெரியாது. வெளியே வந்து ஜுவேரியாவிடம் கேட்டார். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"அதுதான் சார் இப்ப பெரிய தலைவலி. இடிச்சவரு தானா வந்து ஒத்துக்கறாரு. தினம் அடிபட்டவர் வீட்டுக்கு வர்றாரு. காபி கொண்டு வர்றாரு. வெங்காயம் நறுக்கறாரு. கம்பெனி வக்கீல் கேள்விப்பட்டா அவருக்கு தீபாவளி. ரெண்டு பேரும் பழைய சிநேகிதங்க, கூட்டு சேர்ந்து கம்பெனியை ஏமாத்தப் பாக்கறாங்கன்னு ஒரே போடா போட்டுடுவாரு."

"நல்லவனா இருந்தது தப்பா?"

"நல்லவரா இருக்க வேண்டிய நேரம் ஆஸ்பத்திரில இருந்துச்சு சார்" என்றாள் ஜுவேரியா. உடனே குரலைத் தணித்துக்கொண்டாள். "மனுவுல நீங்க முதல் எதிர்மனுதாரர். கம்பெனி ரெண்டாவது. கேஸ் முடியற வரைக்கும் நீங்க பாய்க்கு எதிரி. எதிரி மாதிரி நடந்துக்கங்க."

"எதிரின்னா எப்படி நடந்துக்கணும்? பழக்கமில்லை."

"வீட்டுக்கு வரக்கூடாது. போன் பண்ணக்கூடாது. வெங்காயம் நறுக்கக்கூடாது. சரி, யோசிச்சுச் சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி, நீங்கதான் கதவைத் தொறந்தீங்கன்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா? சம்பந்தமில்லாத ஆளா இருக்கணும்."

சங்கரன் யோசித்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. துணைக்கு வந்து மரத்தடியில் நின்றிருந்த சூடாமணி அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"இவர் யார்கிட்டதான் சொல்லலை? அந்த 108 பொண்ணுகிட்ட உபன்யாசமே பண்ணினாரே. நான் போனைப் பிடுங்கி இடத்தைச் சொன்னேன்."

ஜுவேரியா மாட்டிய ஹெல்மெட்டை மறுபடியும் கழற்றினாள்.

"108-க்குப் பேசறதெல்லாம் பதிவாகும், மாமி."

*

போலீஸ் கேட்டு வாங்கிய அந்தப் பதிவை ஸ்டேஷனில் போட்டுக் கேட்டபோது சங்கரன் தன் குரலை முதல்முறையாக வெளியிலிருந்து கேட்டார். அவ்வளவு கீச்சுக் குரல் என்று வகுப்பில் ஒரு பிள்ளையும் சொன்னதில்லை.

"அம்மா, நான் சங்கரன் பேசறேன், ரிட்டயர்ட் டீச்சர், மயிலாப்பூர். ஒருத்தர் விழுந்துட்டார். தப்பு முழுக்க என்னோடது. கதவைத் தொறந்துட்டேன். பின்னாடி பாக்கலை—"

"சார், எந்த இடம் சார்?"

"செருப்பு புதுசு. தண்ணி ஆழமான்னு பாக்கத்தான் தொறந்தேன். செருப்புக்காக ஒரு மனுஷர் காலை ஒடைச்சிட்டேன். மெட்ரோ தகரம் போட்டிருக்கா, அதனாலன்னு சொல்லலாம், ஆனா சொல்ல மாட்டேன்—"

"சார், இடத்தைச் சொல்லுங்க சார்."

"ஏன்னா, இங்க குடுங்கோ போனை."

விஜயலக்ஷ்மி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. கான்ஸ்டபிள் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். ஜுவேரியா மட்டும் சிரிக்காமல், "நேரம் பதிவாயிருக்கு. பாய் டாக்டரைப் பாக்கறதுக்கு முன்னாடி. போதும்" என்றாள்.

அதன் பிறகு சங்கரன் எதிரியாக வாழ ஆரம்பித்தார். சரியாக வரவில்லை. காலையில் ஃபிளாஸ்க்கைக் கழுவி எடுத்துவிட்டு, போவதற்கு இடமில்லாமல் கூடத்தில் நிற்பார். சூடாமணி அவர் முன்னால் ஒரு கூடைக் கொத்தவரங்காயை வைத்து, "கை சும்மா இருந்தா நறுக்குங்கோ" என்றாள். குற்றவியல் கோர்ட்டில் தப்பை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். நீதிபதி "வேறு ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டபோது அவர் வாயைத் திறந்தார். பின்னாலிருந்து சூடாமணி இருமினாள். மூடிக்கொண்டார்.

வீட்டுக்குத்தான் போகக்கூடாது, ராயப்பேட்டைக்குப் போகக்கூடாது என்று ஜுவேரியா சொல்லவில்லை. மெயின் ரோட்டு டீக்கடைக்கு சகினாவின் தட்டு பிற்பகலில் வரும். சங்கரன் அங்கே போய், யாரோ மாதிரி ஒரு டீ சொல்லி, இரண்டு சமோசா வாங்குவார். அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். இதுதான் அவருக்குக் கிடைத்த ஒரே செய்தித்தாள். கார்த்திகை முடிகிற வரை எல்லாம் சகினா மடிப்பு. விறுவிறுவென்று மடித்தது, மூலை கொஞ்சம் திறந்திருக்கும், எண்ணெயில் ஓரிரு வெங்காயம் எட்டிப் பார்க்கும். மார்கழியில் ஒருநாள் தட்டில் பாதி சமோசா வேறு மாதிரி இருந்தது. மூன்று மூலையும் இழுத்துக் கட்டி, ஒட்டு தெரியாமல், விரலால் அழுத்தினாலும் பிரியாமல் இருந்தது. ஆட்டோ சீட்டின் மூலை மாதிரி.

"இது யாரு மடிச்சது?" என்று டீக்கடைக்காரரைக் கேட்டார்.

"அவங்க வூட்டுக்காரரு. உக்காந்துக்கினே மடிக்கறாராம். கல்லு மாதிரி கீது இல்ல? கடிக்கறதுக்குள்ள டீ ஆறிடுது. கஸ்டமர் கேட்டா இன்னா சொல்றதுன்னே தெரியல."

சர்தார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். சங்கரன் இன்னும் இரண்டு வாங்கினார். பல்லுக்குச் சற்றுக் கடினம்தான். அத்தனையையும் நின்றபடியே தின்றார்.

பொங்கலுக்கு முன்னால் கடைச் சொந்தக்காரரைப் பார்க்க சங்கரன் போக முடியாது, ஜுவேரியா போனாள். மனு தீர்ப்பாயத்தில் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்று சொல்லி, அவரையும் ஒரு டீ குடிக்க வைத்துவிட்டு வந்தாள். அவர் பொறுத்தார். கடைச் சாவி சர்தாரிடமே இருந்தது.

*

வழக்கு மக்கள் நீதிமன்றத்துக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. நோன்பு மாதம். சர்தார் கைத்தடி ஊன்றி வந்தார். சகினா பக்கத்தில் நின்றாள். சங்கரன் வராந்தாவின் எதிர்ப்பக்கத் தூணருகே, எதிரியாக, விறைப்பாக நின்றார். சர்தார் அவரைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினார். அது வணக்கமா, வேறு ஏதாவதா என்று சங்கரன் வெகுநேரம் யோசித்தார்.

கம்பெனி வக்கீல் முதலில் ஆஸ்பத்திரிப் பதிவைத்தான் எடுத்தார். பிறகு ஜுவேரியா அந்த 108 பதிவைக் கொடுத்தாள். அவர் காதில் மாட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்து, தூணருகே நின்றவரை ஒருமுறை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு, தன் அதிகாரியிடம் குனிந்து சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"சார், இந்த ஆளு சதி பண்ண லாயக்கில்ல சார். இவருகிட்ட ரகசியம் சொன்னா அடுத்த நிமிஷம் ஊருக்கே சொல்லிடுவாரு. செட்டில் பண்ணிடலாம்."

வாழ்நாளில் தனக்குக் கிடைத்த நற்சாட்சிகளில் இதுதான் உயர்ந்தது என்று சங்கரன் முடிவு செய்தார்.

உடன்பாடு ஆயிற்று. கால் முழுதாக ஊன்றுகிறவரை கடையை விடாமல் வைத்துக்கொள்ளவும், மிஷினுக்கு மோட்டார் போட்டு இடது காலால் ஓட்டிப் பழகவும் கிடைத்த தொகை போதும். சர்தார் கையெழுத்துப் போட்டார். சகினா முக்காட்டு நுனியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். ஜுவேரியா வராந்தாவைத் தாண்டி சங்கரனிடம் வந்தாள்.

"முடிஞ்சுது சார். இனிமே நீங்க எதிரி இல்ல."

"நிச்சயமா?"

"எழுதித் தரணுமா?"

அன்றைக்குப் பிற்பகல், அசர் தொழுகை நேரத்துக்கு முன்னால் சங்கரன் அந்தச் சந்துக்குள் போனார். காபி எடுத்துப் போகவில்லை. நோன்பு என்பது நினைவிருந்தது. பேரீச்சம்பழம் வாங்கிப் போனார். சூடாமணியும் கூட வந்தாள். சர்தாரைக் கட்டிலில் காணவில்லை. கடையைத் திறந்து பார்க்க, தடியோடு மெதுவாகப் போயிருந்தார். சூடாமணி உள்ளே போய், சமோசா மடிக்கிற முறையைக் கேட்டு, தானும் ஒன்று மடித்துப் பார்த்து, "இது எங்க ஆத்துச் சோமாசி மாதிரின்னா வரது" என்று அலுத்துக்கொண்டு, கை கழுவப் பின்பக்கம் போனாள்.

சகினா தாள் பிரித்துக்கொண்டிருந்தாள். சங்கரன் ஸ்டூலில் உட்கார்ந்தார். மாவு எங்கே இருக்கிறது என்று பார்த்துத் தானாகவே நகர்ந்துகொண்டார்.

"சகினாம்மா, எத்தனையோ தடவை கேட்டுட்டேன். இன்னிக்கு ஒரு தடவை. என் மேல கோபம் இருக்கா?"

அவர் எதிர்பார்த்தது அல்லா பாத்துப்பான் என்பதைத்தான். சகினா கையிலிருந்த தாளை வைத்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, அவரை நேராகப் பார்த்தாள்.

"கீது சார்" என்றாள். "கதவு தொறந்ததுக்கு இல்ல. அது யாருக்கும் ஆவும். என் வூட்டுக்காரரே எத்தினி தடவ கண்ணாடி பாக்காம திரும்பியிருப்பாரு. ஆஸ்பத்திரில அவரு நானே உழுந்தேன்னு சொன்னாரே, நீங்க பக்கத்துல நின்னுக்கினு கம்முனு கேட்டீங்களே, அதுக்குத்தான் கோவம். அவரு சொல்லுவாரு, அவரு அப்டித்தான். நீங்க இல்லன்னு சொல்லியிருக்கணும். அத்த நீங்க ஜுவேரியாகிட்ட சொன்னன்னிக்கு என் கையில தாளு கிழிஞ்சிடுச்சு. அப்புறம் நீங்க ஸ்டேஷனுக்குப் போனீங்க, கோர்ட்டுக்குப் போனீங்க, எல்லாம் பாத்தேன். அதுல பாதி போயிடுச்சு. மீதி கீது. நோம்புக்குள்ள போயிடும்னு நெனைக்கறேன். போவலன்னா, அதையும் சொல்றேன் சார். நீங்க வந்து கேளுங்க."